ஏரிக்கரைக் கள ஆய்வு நிலையத்தில் எட்டு வாரச் சூழலியல் படிப்பு: எப்படி ஆயத்தமாவது?

ஆம்பல் (கேள்வி)

வணக்கம். நான் விலங்கியலில் முதுகலை முதலாண்டு படிக்கும் மாணவி. பல்கலைக்கழகம் ஒன்று ஏரிக்கரையில் நடத்திவரும் கள ஆய்வு நிலையத்தில், கோடைக்காலத்தில் எட்டு வாரங்கள் தங்கிப் பயிலும் சூழலியல் பாடத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் மூன்று வாரங்கள் பாடமும் கருவிப் பயிற்சியும் நடைபெறும். எஞ்சிய ஐந்து வாரங்களில் ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஓர் ஆய்வுக் கேள்வியை எடுத்துக்கொண்டு, மாதிரிகளைச் சேகரித்து, அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதே காலத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் ஒன்றிலும் பயிற்சிக்கு வாய்ப்பு வந்துள்ளது. இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க முடியும்.

என் மனம் ஏரியின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் சில ஐயங்கள் இருக்கின்றன. எட்டே வாரங்களில் ஓர் ஏரியைப் பற்றி உருப்படியாக எதையேனும் கண்டறிய முடியுமா? "காலநிலை மாற்றம் ஏரியின் பல்லுயிர் வளத்தை எவ்வாறு பாதிக்கிறது" என்பதை ஆய்வுப்பொருளாக எழுதி வைத்திருக்கிறேன், அது பொருத்தமானதுதானா? புள்ளியியலில் நான் வலுவானவள் அல்லள். நீச்சலும் ஓரளவுக்குத்தான் தெரியும். இரவில் படகில் செல்ல வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் அச்சமாகவே இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் பயின்றவர்களும் பணியாற்றியவர்களும் தங்கள் பட்டறிவைப் பகிர்ந்துகொண்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரைநாணல் (மறுமொழி)

வணக்கம் ஆம்பல். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நன்னீர்ச் சூழலியலில் இருக்கிறேன். அவற்றில் பல கோடைகளை இத்தகைய நிலையங்களில்தான் கழித்திருக்கிறேன். ஏரிக்கே செல்லுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. மூலக்கூறு ஆய்வகத்தின் நுட்பங்களை ஆண்டின் எந்த மாதத்திலும் கற்றுக்கொள்ள முடியும். ஏரியின் கோடையோ ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்; அப்போது அதன் கரையிலேயே குடியிருக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை.

கரையிலேயே குடியிருப்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதை விளக்குகிறேன். நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தியுடன் இருக்கும் என்பதையும், அதனால் குளிர்ப்பகுதிகளின் ஆழமான ஏரிகள் கோடையில் மேலே வெதுவெதுப்பான நீர், அடியில் குளிர்ந்த நீர், நடுவில் வெப்பநிலை விரைந்து சரியும் இடையடுக்கு என்று பிரிந்து நிற்கும் என்பதையும் நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அந்தப் படத்தில் அடுக்குகள் கோடு போட்டாற்போல அசையாமல் இருக்கும். நேரில் வெப்பமானியை மீட்டர் மீட்டராக இறக்கிப் பார்க்கும்போது, முதல் சில மீட்டர்களில் ஏறக்குறைய மாறாமலிருந்த எண், ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத் தொட்டதும் மளமளவெனக் குறையும். இரண்டு நாள் பலத்த காற்று அடித்து ஓய்ந்தபின் அதே இடத்துக்குச் சென்றால், அந்த ஆழம் மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும். காற்று வெதுவெதுப்பான மேல்நீரை ஒரு கரைநோக்கித் தள்ளிக் குவிக்க, இடையடுக்கு சாய்ந்து, காற்று நின்றபின் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடுவதே இதற்குக் காரணம். வாரத்துக்கொருமுறை நகரத்திலிருந்து வந்து மாதிரி எடுத்துத் திரும்புபவருக்கு இது புரியாத ஏற்ற இறக்கமாகவே தோன்றும். ஏரியருகிலேயே இருப்பவருக்கோ அந்த எண்ணுக்கும் முந்தாநாள் வீசிய காற்றுக்கும் உள்ள உறவு கண்ணெதிரே தெரியும்.

இரவு நேரப் பணியைப் பற்றி அஞ்சுகிறீர்கள். பாதுகாப்பைப் பற்றி மற்றவர்கள் எழுதக்கூடும். அந்தப் பணி எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகம் 1899 முதல் நடத்திவரும் உயிரியல் நிலையம் ஃப்ளாட்ஹெட் ஏரிக்கரையில் இருக்கிறது. 1968க்கும் 1975க்கும் இடையே, அந்த ஏரிக்கு மேற்புறமுள்ள சில ஏரிகளில், மீன்களுக்கு நல்ல உணவாகும் என்ற எண்ணத்தில் மைசிஸ் என்னும் சிறு இறால்வகை உயிரியை விட்டார்கள். அது நீரோட்டத்தோடு இறங்கி வந்து 1981இல் ஃப்ளாட்ஹெட் ஏரியிலேயே காணப்பட்டது. மைசிஸ் பகலில் ஏரியின் அடியாழத்தில் பதுங்கியிருக்கும். இரவில்தான் மேலே வரும். கொக்கனி என்ற சால்மன் வகை மீனோ பகல் வெளிச்சத்தில், மேல்நீரில் இரை தேடுவது. ஆகவே உணவாகும் என்று விடப்பட்ட உயிரி, அந்த மீனின் வாய்க்கு எட்டவே இல்லை. அதோடு நில்லாமல், அந்த மீன் நம்பியிருந்த விலங்கு மிதவையுயிரிகளை மைசிஸ் இரவில் தின்று குறைத்தது. 1980களின் இறுதிக்குள் கொக்கனி மீன் இனமே அங்கே வீழ்ந்தது. இலையுதிர்காலத்தில் அம்மீனைத் தேடி ஓடைக்கரையில் நூற்றுக்கணக்கில் கூடிய வெண்தலைக் கழுகுகளும் வராமல் போயின. பகலில் மட்டும் வலை வீசிப் பார்த்திருந்தால் இந்தக் கதையில் பாதிகூட விளங்கியிருக்காது. களநிலையத்தின் படுக்கையறையிலிருந்து படகுத்துறைக்கு ஐந்து நிமிட நடை என்பது வெறும் வசதி மட்டுமன்று. நள்ளிரவு ஆய்வை அதுதான் நடைமுறையில் இயல வைக்கிறது.

அடுத்து உங்கள் ஆய்வுப்பொருள். அதைக் கைவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். காலநிலையின் தாக்கத்தை அறிய ஐந்து வாரங்கள் அல்ல, பல பத்தாண்டுகள் வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்து மென்டோட்டா ஏரி எந்த நாளில் உறைந்தது, எந்த நாளில் உருகியது என்பதை 1850களிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நீண்ட பதிவு இருப்பதால்தான், உறைந்திருக்கும் நாட்கள் குறைந்துவருவதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல முடிகிறது. அந்தப் பதிவின் நடுவிலிருந்து ஐந்து ஆண்டுகளை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தால் நேர்மாறான முடிவுக்குக்கூட வரலாம். உங்களுக்குக் கிடைக்கும் ஐந்து வாரங்களில் விடை காணக்கூடிய கேள்வி என்பது, ஓர் உயிரி, ஓர் இடம், ஓர் அளவீடு என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

சிறிய கேள்வி என்பதால் அது சிறுமையானது என்று எண்ண வேண்டாம். ரேமண்ட் லிண்டெமன் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக, சீடர் பாக் என்ற ஆழமற்ற சிற்றேரி ஒன்றையே பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார். ஓர் உணவுப் படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றல் கடத்தப்படுவதைப் பற்றி இன்று நாம் படிப்பவற்றில் பெரும்பகுதிக்கு அந்த உழைப்பே அடித்தளம். கோட்பாட்டுச் சார்பு மிகுதி என்று மதிப்பீட்டாளர்கள் முதலில் தள்ளிவிட்ட அந்தக் கட்டுரை 1942இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. இறந்தபோது அவருக்கு வயது 26. அவர் பணியாற்றிய நீர்ப்பரப்பு எவ்வளவு சிறியது என்பதை மாணவர்களிடம் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லுவேன்.

சென்று சேர்ந்த முதல் வாரத்திலேயே நிலையத்தின் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வெப்பநிலை, நீர்த்தெளிவு, கரைந்த ஆக்ஸிஜன் ஆகியவற்றின் பல ஆண்டுத் தரவுகள் பெரும்பாலும் அங்கே இருக்கும். நீங்கள் எடுக்கப்போகும் ஐந்து வார அளவீடுகள், அவற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பொருள்படும்.

துடுப்பு (மறுமொழி)

ஒரு களநிலையத்தில் படகுகளையும் கருவிகளையும் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். நீச்சலைப் பற்றி முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் பல மாணவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மறைத்துவிடுகிறார்கள். மறைக்கவே கூடாது. உங்களால் எவ்வளவு நீந்த முடியும் என்பதை நிலையப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். அதற்காக எவரும் உங்களைத் திருப்பி அனுப்புவதில்லை; யாரை யாருடன் எந்தப் படகில் அனுப்புவது என்று திட்டமிட அது எங்களுக்கு உதவுகிறது. நன்றாக நீந்துபவரும் படகில் ஏறும் நொடியிலிருந்து இறங்கும் நொடிவரை மிதவை அங்கியை அணிந்தே இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவுடன் மூச்சு தன்வசமின்றி இழுத்துக்கொள்ளும். அந்த முதல் ஒரு நிமிடத்தில் நீச்சல்திறன் கைகொடுப்பதில்லை, அங்கிதான் தலையை நீருக்கு மேலே வைத்திருக்கும். தனியாகப் படகெடுக்காதீர்கள். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். இடி முழக்கம் காதில் விழுந்தால் மாதிரி பாதியில் நின்றாலும் கரைக்குத் திரும்புங்கள்.

இனி அளவீடு. நான் ஒரு காலத்தில் மாணவனாக இருந்தபோது செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். கயிற்றில் மீட்டர்க் குறிகளைக் கட்டி, நீர்மாதிரிக் குடுவையை 10 மீட்டருக்கு இறக்கி, எடைக்கட்டியைக் கயிற்றின் வழியே நழுவவிட்டு மூடி, மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரே நங்கூரத்தில் நின்ற படகு காற்றில் நகர்ந்துகொண்டே இருந்ததால் கயிறு சாய்ந்திருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த 10 மீட்டர்க் கயிற்றின் நுனி ஏறத்தாழ 8.7 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். வெப்பநிலை விரைந்து மாறும் இடையடுக்கு அதே ஆழத்தில் இருந்ததால், அடியடுக்கு நீர் என்று எழுதிவைத்த இரண்டு வார மாதிரிகள் உண்மையில் இடையடுக்கு நீராகவே இருந்தன. அவை அனைத்தையும் ஒதுக்க நேர்ந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு நங்கூரங்கள் போடுங்கள். கயிறு செங்குத்தாக நிற்காவிட்டால் அந்தச் சாய்வையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நீர்த்தெளிவை அளக்கும் செக்கித் தட்டு 1865இலிருந்து வழக்கத்தில் இருக்கும் மிக எளிய கருவி. அதனாலேயே அலட்சியமாகக் கையாளப்படுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தக் கறுப்பு வெள்ளைத் தட்டைப் படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மீண்டும் தோன்றும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். நண்பகலை ஒட்டிய நேரத்தில், எப்போதும் ஒரே ஆளாக, குளிர்கண்ணாடி அணியாமல் பாருங்கள். குறிப்பேட்டுக்குப் பென்சிலே நல்லது. நனைந்தால் மை கரைந்துவிடும்.

எண்ணல் (மறுமொழி)

புள்ளியியலில் வலுவில்லை என்று எழுதியிருந்தீர்கள். களத்துக்குச் செல்லுமுன் சிக்கலான புள்ளியியல் முறைகளையெல்லாம் கற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கருத்தை மட்டும் ஐயமறப் புரிந்துகொண்டு செல்லுங்கள். ஒரே ஏரியில், ஒரே இடத்தில், ஒரே மணிநேரத்தில் நீங்கள் எடுக்கும் பத்துக் குடுவை நீர், பத்துத் தனித்தனிச் சான்றுகள் ஆகாது. அவை அந்த ஓரிடத்தின், அந்த ஒரு நேரத்தின் நிலையை மட்டும் துல்லியமாகச் சொல்கின்றன. அவற்றைப் பத்தாகக் கணக்கிட்டுக் கரையோரத்துக்கும் நடு ஏரிக்கும் வேறுபாடு மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதினால், அது போலிப் பன்மாதிரியாக்கம் என்ற பிழை. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டிய பிறகும் மாணவர் அறிக்கைகளில் இன்றுவரை நான் மிகுதியாகக் காண்பது இதைத்தான்.

இதனால் ஒற்றை ஏரி ஆய்வு பயனற்றது என்று ஆகிவிடாது. கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்ற எண்ணிட்ட ஏரியை 1973இல் ஒரு திரையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும், மற்றொரு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் சலவைத்தூள்களில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரும் வலுச் சேர்த்தது. அங்கே அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த மறுமாதிரி ஏரி கிடையாது. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததாலும், காரணத்துக்கான முன்னறிவு இருந்ததாலும், பின்னர் வேறு ஏரிகளின் ஆய்வுகள் துணைநின்றதாலுமே அது ஏற்கப்பட்டது. உங்கள் அறிக்கையில், "இந்த ஏரியில், இந்த வாரங்களில்" என்று எல்லையை நேர்மையாக எழுதினால் போதும்.

எண்ணுவதைப் பற்றி ஒரு கணக்கு. நுண்ணோக்கியில் ஓர் இனத்தின் 100 உயிரிகளை எண்ணினால், அவை மாதிரியில் சீராகக் கலந்திருக்கும்பட்சத்தில், உங்கள் மதிப்பீட்டின் பிழை ஏறத்தாழ 20 விழுக்காடு கூடக்குறைய இருக்கும். அதை 10 விழுக்காடாக்க 400 உயிரிகளை எண்ண வேண்டும். பிழையைப் பாதியாக்க உழைப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே எத்தனை மாதிரிகள் எடுப்பது என்பதைப் படகில் முடிவு செய்யாதீர்கள், நுண்ணோக்கியின் முன் எத்தனை மணிநேரம் அமர முடியும் என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். ஐந்து வாரங்களில் இரண்டை எண்ணுவதற்கும் எழுதுவதற்குமென ஒதுக்கிவிடுவது நல்லது.

ஆம்பல்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஏரிக்கே செல்வதென்று முடிவெடுத்துவிட்டேன். நீச்சலைப் பற்றி நிலையப் பொறுப்பாளருக்கு இன்றே எழுதிவிட்டேன். மைசிஸைப் பற்றிப் படித்தபின் என் ஆய்வுப்பொருளையும் மாற்றிக்கொண்டேன். டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு பகலில் எந்த ஆழத்தில் இருக்கிறது, நள்ளிரவில் எந்த ஆழத்தில் இருக்கிறது, பகலில் அது இறங்கிச் செல்லும் ஆழத்துக்கு ஆக்ஸிஜன் குறைந்த அடிநீர் எல்லையாக அமைகிறதா என்பதையே ஆராயலாம் என்று எண்ணுகிறேன். வாரம் ஒருமுறையாக மூன்று வாரங்கள், ஒவ்வொரு முறையும் நண்பகலிலும் நள்ளிரவிலும், இரண்டு மீட்டருக்கு ஒரு மாதிரி எடுக்கலாமா?

கரைநாணல்

இது நல்ல கேள்வி, ஆம்பல். ஐந்து வாரங்களுக்குள் அடங்கும். மீன்களின் கண்ணுக்குத் தப்பவே டாப்னியா பகலில் இருண்ட ஆழத்துக்கு இறங்குகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அடிநீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்தால் மேலே மீன், கீழே மூச்சுத்திணறல் என்று இரண்டுக்கும் நடுவே அது நெருக்கப்படும். அந்த நெருக்கம் உங்கள் ஏரியில் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் காணப்போவது.

மூன்றுமுறை என்ற திட்டத்தில் நிலவை மறக்காதீர்கள். முழுநிலவு இரவில் மேல்நீரிலும் வெளிச்சம் இருப்பதால் உயிரிகள் மேலேறுவது குறையக்கூடும். உங்கள் மூன்று இரவுகளில் ஒன்று மட்டும் முழுநிலவாக அமைந்தால், அதனால் வந்த வேறுபாட்டை வெப்ப அடுக்கின் மாற்றம் என்று தவறாக எண்ணிவிட நேரும். நாட்காட்டியைப் பார்த்து, இயன்றவரை நிலவற்ற நேரங்களையே தேர்ந்தெடுங்கள். இயலாவிட்டால் நிலவு எழும் நேரத்தையும் மேகமூட்டத்தையும் எழுதிவையுங்கள்.

அடியிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பாக இழுக்கும் வலை உங்களுக்கு உதவாது. எந்த ஆழத்தில் எத்தனை இருந்தன என்பதை அது கலைத்துவிடும். குறித்த ஆழத்தில் மூடிக்கொள்ளும் வலையோ, அந்த ஆழத்து நீரை உயிரிகளோடு அடைத்தெடுக்கும் பெரிய கொள்ளளவுள்ள நீர்ப்பொறியோ நிலையத்தில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் அதே ஆழத்தில் வெப்பநிலையும் ஆக்ஸிஜனும் அளக்க வேண்டும்; ஆக்ஸிஜன் உணர்கருவியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அளவுதிருத்தம் செய்து, முதல் நாளில் ஒருமுறையேனும் விங்க்லர் முறையில் சரிபாருங்கள். 1888இல் உருவான அந்த வேதிமுறை இன்றும் கருவியின் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

மாதிரிகளைப் பாதுகாப்பதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண ஃபார்மலினில் இட்டால் டாப்னியாவின் ஓடு உப்பி, முதுகுப்பையிலுள்ள முட்டைகள் வெளியே சிதறிவிடும். சர்க்கரை கலந்த ஃபார்மலினைக் குளிரவைத்துப் பயன்படுத்தினால் அவை உள்ளேயே நிற்கும். முட்டை சுமக்கும் பெரிய பெண் உயிரிகள் மீன்களின் கண்ணுக்கு எளிதில் தென்படுபவை. அவை மற்றவற்றைவிட ஆழமாக இறங்குகின்றனவா என்று பிறகு பார்க்க விரும்பினால் அந்த முட்டைகள் உங்களுக்குத் தேவைப்படும். ஃபார்மலினைக் கையுறை அணிந்து, காற்றோட்டப் பெட்டிக்குள் மட்டும் கையாளுங்கள்.

மூன்றாம் வாரம், உங்கள் ஆய்வு தொடங்குமுன், ஒரு பகல் மாதிரியையும் ஓர் இரவு மாதிரியையும் மட்டும் ஒத்திகையாக எடுத்து, முழுவதையும் எண்ணி முடித்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்று இங்கே எழுதினால், இரண்டு மீட்டர் இடைவெளி போதுமா, இடையடுக்கில் மட்டும் ஒரு மீட்டராக நெருக்க வேண்டுமா என்று அதை வைத்துச் சேர்ந்து முடிவு செய்யலாம்.